நின்ற பிறகு வந்தது

நாக்கை நீட்டச் சொன்னால் கோவளத்துப் பெண்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நுனியை மட்டும் வெளியே காட்டுவார்கள். சீன மருத்துவத்தில் பாதி நோயை நாக்கு சொல்லிவிடும் என்று படித்திருந்தேன். மேலே படிந்திருக்கும் மாவின் நிறம், அதன் தடிமன், ஓரங்களில் பல் பதிந்த தடம், எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டு. அந்தப் பாடத்தை எழுதியவர்களுக்கு நம் ஊர்க் காலை நேரம் தெரியாது. டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று டங் கிளீனரால் இரண்டு மடங்கு வழித்துவிட்டு, செக்கச்செவேல் என்ற நாக்கோடு வந்து உட்காருவார்கள். முதல் மாதம் என் நோட்டு முழுக்க 'படிவு இல்லை', 'படிவு இல்லை' என்றே எழுதியிருக்கிறேன். படிவு இல்லை என்றால் உடம்பின் ஈரம் வற்றிவிட்டது என்று கணக்கு. ஊரே வற்றிக் கிடக்கிறது என்று நம்பி ஒரு மாதம் முழுக்க வைத்தியம் பார்த்திருக்கிறேன்!

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எவ்வளவு வேகமாக ஒரு முடிவுக்குத் தாவக்கூடியவள் என்பது தெரிந்தால்தான் அடுத்து வருவது புரியும்.

இயற்கை மருத்துவம் ஐந்தரை வருடம், அதற்கு மேல் அக்குபங்சருக்கென்று ஒரு வருடம் படித்துவிட்டு, பெண்களின் உடம்புதான் என் பாடம் என்று முடிவு செய்துகொண்டேன். மாதவிடாய் வலி, பிசிஓடி, நிற்கிற வயதின் தொல்லைகள். இதில் பாதியை நம் பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்பவர் 'எல்லாருக்கும் இருக்கிறதுதான்' என்று முடித்துவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு அணு ஆராய்ச்சியில் வேலை. நான் க்ளினிக் திறக்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஊசி குத்தி ஒருத்தங்களுக்குச் சரியாச்சுன்னு வை. குத்தாம சும்மா படுக்க வச்சிருந்தாலும் சரியாகியிருக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்ப்பா."

"எனக்குச் சம்பளமே அதுக்குத்தான் குடுக்கறாங்க" என்றார்.

கோவளம் பஸ் ஸ்டாப் பக்கத்தில், செல்போன் ரீசார்ஜ் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை, ஒரு மேஜை, ஒரு ஃபேன். காலையில் நாவலூரிலிருந்து ஐடி பெண்கள் ஸ்கூட்டியில் வருவார்கள். ஊசியோடு படுத்துக்கொண்டே மீட்டிங் கேட்பவர்களும் உண்டு. மதியத்துக்கு மேல் கரையிலிருந்து பெண்கள், மீன் விற்று முடித்து, கை கால் கழுவிக்கொண்டு மாடி ஏறுவார்கள். மாசிபத்திரியை உலர்த்திச் சுருட்டின குச்சியைக் கொளுத்தி, தோலுக்கு மேலே பிடித்துச் சூடு காட்டுவது எங்கள் வைத்தியத்தில் ஒரு பகுதி. பூக்கடையில் விற்கிற மரிக்கொழுந்துக்கு அது நெருங்கின சொந்தம். அந்தப் புகை வாசம் படிக்கட்டு வரை வரும். அதை மோப்பம் பிடித்துக்கொண்டுதான் ஒருநாள் மீன்கார அக்கா ஒருவர் மேலே வந்தார்.

புரட்டாசி மாதம். அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் எல்லாரும் மீனை நிறுத்திவிடுகிற மாதம். கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கிற அவருக்கு, வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் தன் உடம்பைப் பற்றி நினைக்க நேரம் கிடைப்பது. ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் இல்லை. ஒரே மகன், ஃபைபர் படகில் போகிறவன்.

"இன்னா பாப்பா, நீதான் ஊசி டாக்டரா? ஸ்கூல் புள்ள மாதிரி கீற."

"ஆமாங்கக்கா. உக்காருங்க."

"குந்தறது அப்புறம். ஊசி எம்மாம் பெருசு, அத்த மொதல்ல காட்டு."

ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

"தூ, இதுக்கா அவ பயந்துகினு வரமாட்டேன்னா! நெத்திலி முள்ளு இதுக்கு மேல குத்தும்" என்று கீழே படிக்கட்டைப் பார்த்துக் கத்தினார். துணைக்கு வந்திருந்த பக்கத்துக் கடைக்காரத் தோழி கடைசிவரை மேலே ஏறவே இல்லை.

மணிக்கட்டில் நாடி பார்க்க விரல் வைத்தேன். இரண்டு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவரே வெட்கப்பட்டுச் சுரண்டி எடுத்தார். தொல்லை என்ன என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார். நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே யாரோ அடுப்பு பற்றவைத்த மாதிரி திடீரென்று காந்துமாம். ஒரு நிமிஷத்தில் ஜாக்கெட் நனைந்துவிடும். தூங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

"மாதவிலக்கு நின்னு எவ்வளவு நாளாச்சுக்கா?"

"பதினாறு மாசம். அது நின்னுச்சு, அத்தோட எல்லாம் நின்னுச்சு. தூக்கம் நின்னுச்சு. முட்டி மடங்கறது நின்னுச்சு. இப்ப யாவாரமும் நின்னுகீது. சரி, உன்னியும் ஒரு தபா பாத்துக்கலாம்னு வந்தேன்."

வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். கணுக்காலின் உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே, மணிக்கட்டில், இரண்டு புருவத்துக்கும் நடுவே என்று மெல்லிய ஊசிகள். உப்புத் தண்ணீரிலேயே நின்று காய்ப்பேறின பாதம். அங்கே ஊசி ஏற்றுவதற்கு நான் தனியாகப் பழக வேண்டியிருந்தது. மூன்றாவது முறை ஊசி ஏற்றிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்தால் குறட்டை. குறட்டைக்கு ஏற்றபடி நெற்றி ஊசி ஆடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து எழுப்பினபோது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார்.

"இன்னா மருந்து வச்ச ஊசில?"

"ஒண்ணும் இல்லக்கா. வெறும் ஊசி."

"பொய் சொல்லாத" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். மீன்வாசம் அன்று முழுக்க என் கன்னத்தில் இருந்தது. எனக்கு அது மெடல் மாதிரி.

வீட்டிலும் தூங்க ஆரம்பித்தார். நான்கு மணி நேரம், பிறகு ஐந்து. காந்தல் குறைந்தது. நோட்டில் ஒவ்வொன்றையும் எழுதி அடியில் கோடு போட்டேன். அப்பாவுக்கு போனில் சொன்னேன். "ம்" என்றார்.

புரட்டாசியின் கடைசி வாரம். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அக்காதான். முட்டி வலிக்கிறவர் மாதிரியா ஏறுகிறார்! கையில் கவர், அதற்குள் அரைக் கிலோ சங்கரா. முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பா, வந்துட்சு!"

"என்னக்கா வந்துச்சு?"

"பதினாறு மாசம் களிச்சி நேத்து குளிக்கிற மாதிரி ஆயிட்சு. கொஞ்சம்தான். ஆனா வந்துட்சு! வயச திருப்பிட்டடி நீ. கரை பூரா சொல்லிட்டேன். அவ அவ வாயப் பொளந்துகினு குந்தினு கீறா."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது மருத்துவம் படித்த யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் என் மண்டைக்குள் ஓடியது வேறு. உடம்பில் வற்றின ஈரம் திரும்ப ஊறியிருக்கிறது, நான் ஊசி ஏற்றின ஒவ்வொரு புள்ளியும் வேலை செய்திருக்கிறது, ஒரு மாதம்கூட ஆகவில்லை! அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நானும் குதித்தேன். "ரொம்ப நல்ல விஷயம்க்கா" என்றேன். இந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. நோட்டில் ஆச்சரியக்குறி போட்டு எழுதினேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் போட்டேன். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. 'மாதவிடாய் நின்ற பெண்மணிக்குப் பதினாறு மாதங்களுக்குப் பிறகு இயற்கையாகவே திரும்பியது. உடம்புக்கு எல்லாம் தெரியும்.' பக்கத்தில் ஒரு தாமரைப்பூ.

மறுநாள் மதியம் கரையிலிருந்து நான்கு பேர் வந்துவிட்டார்கள். அதுவரை நாளைக்கு ஒருவர் வந்தால் பெரிது. எல்லாருக்கும் நின்றுபோயிருந்தது. எல்லாருக்கும் திரும்ப வேண்டும். ஒருவர் மட்டும், "எனுக்கு அது வேணாம், அது வராம தூக்கம் மட்டும் வர்ற மாதிரி குத்துவியா?" என்று கேட்டார். அந்த நான்கு பேரில் புத்தியோடு பேசினது அவர் ஒருவர்தான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவர்களை அனுப்பிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். ஸ்டேட்டஸுக்கு நிறைய இதயம், நிறைய கைதட்டல். நடுவில் ஒரே ஒரு நீளமான பதில். நாவலூரில் வேலை பார்க்கிற, மாதவிடாய் வலிக்காக என்னிடம் வருகிற ஒரு பெண் எழுதியிருந்தாள்.

'டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அம்மாவுக்கும் நின்னு ரெண்டு வருஷம் கழிச்சு இப்படித்தான் கொஞ்சமா வந்துச்சு. நாங்களும் நல்லதுன்னு விட்டுட்டோம். கேன்சர். ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. இவங்கள டாக்டர்கிட்ட காட்டிட்டீங்கல்ல?'

சோறு அப்படியே இருந்தது. 'டாக்டர்' என்று ஆரம்பித்து, 'டாக்டர்கிட்ட காட்டிட்டீங்கல்ல' என்று முடித்திருக்கிறாள். அவள் குத்திக்காட்ட எழுதவில்லை. அதனால்தான் அப்படிக் குத்தியது.

மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு வந்தாலும் பரிசோதிக்க வேண்டும். இதை இரண்டு மார்க் கேள்விக்கு நானே எழுதியிருக்கிறேன், முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்று தலைகாட்டுவதும் இப்படித்தான். வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் அந்தக் கணமே எனக்குப் பொறி தட்டியிருக்கும். என்னைப் புகழ்ந்துகொண்டே சொன்னதால் தட்டவில்லை.

ஸ்டேட்டஸை அழித்தேன். கரையில் பரவின பேச்சை எந்தப் பட்டனை அழுத்தி அழிப்பது? அக்காவின் போனுக்கு ஐந்து முறை அடித்தேன், எடுக்கவில்லை. அந்த நான்கு பேருக்கும் தனித்தனியாக போன் போட்டு, 'நான் சொன்னது தப்பு, திரும்ப வரவைக்கிற வைத்தியம் எங்கிட்ட இல்லை' என்று சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், "பரவால்ல, முட்டிக்காவது வர்றேன்" என்றார்.

மறுநாள் ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு. ஒரு மாதம் வாயைக் கட்டி வைத்திருந்த ஜனம் மொத்தமும் கடற்கரைச் சாலையில் நின்றது. கார் மேல் கார். அக்கா சின்ன மர ஸ்டூலில் உட்கார்ந்து, அரிவாள்மணையில் வஞ்சிரத்தை வளையம் வளையமாக அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தத் தோழி செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா பக்கத்தில் குத்த வைத்தேன்.

"யக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தனியா."

"யாவார நேரத்துல தனியா இன்னா பேச்சு? இங்கயே சொல்லு. இவ என் கூடப் பொறக்காத கழுத, இவளுக்குத் தெரியாதது ஒண்ணும் கிடியாது."

சொன்னேன். மெதுவாக, ஒவ்வொன்றாக. வந்தது நல்ல அறிகுறி என்று நான் சொன்னது தப்பு. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், ஆனால் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். உடனே.

அக்காவின் கை நிற்கவில்லை. இரண்டு துண்டு அறுத்துக் கவரில் போட்டு நீட்டின பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நேத்து வரிக்கும் நல்லதுன்ன."

"தப்பா சொல்லிட்டேன்க்கா."

"கூடக் குதிச்சியே."

"குதிச்சேன். அதுவும் தப்பு."

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வயசு திரும்பிட்ச்சின்னு குதிச்சிகினு வந்தா பாரு கொமரி!"

"நீ வாய மூடுடி, சுரண்டு" என்று அவரை அடக்கிவிட்டு, அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னா பண்ணுவான்னு எனுக்குத் தெரியும். பைய எடுத்துடுவான். எங்க தெருவுல மூணு பேருக்கு எடுத்துகீது. ஒருத்தியும் அப்புறம் மீன் கூடய தூக்கல. நான் தூக்கலன்னா யார் தூக்குவா? பையன்கிட்ட இத்த இன்னான்னு சொல்வேன்? போ பாப்பா. தீபாளி முடியட்டும்."

"தீபாவளி வரைக்கும் வச்சிருக்கக் கூடாதுக்கா. மீன் வாங்கும்போது செவுளத் தூக்கிப் பாக்காம வாங்குவீங்களா?"

"அதுக்கோசரம் என் செவுள தூக்கி எவனாச்சும் பாக்கணுமா?"

சுற்றி நின்ற கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். தோற்றுப்போய் எழுந்தேன். எழுந்தபோதுதான் என்னிடம் பிடித்து நிறுத்த ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

"சரிக்கா. ஆனா டாக்டர் பாத்து ரிப்போர்ட் வர்ற வரைக்கும் உங்களுக்கு நான் ஊசி போட மாட்டேன்."

அரிவாள்மணை நின்றது.

"தூக்கம்?"

"அதுவும்தான்."

"அடிப்பாவி! ஒரு வருசம் களிச்சி இப்பதான் கண்ண மூடறேன். அத்த வச்சி பேரம் பேசறியா?"

"ஆமாம்."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். மீன் விலையில் ஒரு ரூபாய்கூட இறங்காதவர். "வெள்ளிக்கிழம மீன் போவாது. அன்னிக்கு வர்றேன்" என்றார். "ஆனா பைய எடுக்கணும்னா நான் எழுந்து வந்துருவேன், சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை என் ஸ்கூட்டியில் போனோம். கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு. அக்கா ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் என் இடுப்பையும் மறு கையால் மஞ்சள் பையையும் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் எனக்கு டிரைவிங் கற்றுக்கொடுத்தார். லாரிக்காரர்களுக்கும் சேர்த்து. திருப்போரூர் தாண்டினதும் மழை பிடித்தது. பஸ் நிழற்குடையில் ஒதுங்கினோம். அங்கேதான் அவர் வாய் ஓய்ந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே, "கேன்சர்னா சொல்லிடுவாங்களா, மறைப்பாங்களா?" என்று கேட்டார்.

"சொல்லுவாங்கக்கா. மறைச்சாலும் நான் மறைக்க மாட்டேன்."

"நீயா? நீ ஆடினு வந்து நல்லதுன்னு சொல்லுவ" என்றார். ஆனால் கையை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மதியம்தான் உள்ளே போனோம். மகப்பேறு மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு, பொண்ணா?"

"இல்ல மேடம். இவங்களுக்கு ட்ரீட்மென்ட் குடுத்தவ." என்ன படித்தேன், என்ன சிகிச்சை, எத்தனை முறை, ரத்தம் பட்டதைக் கேட்டு நான் என்ன சொன்னேன் என்பது வரை ஒப்பித்தேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ளுக்கு மூலிகை எதாவது? ஹார்மோன் மாத்திரை?"

"எதுவும் இல்ல. ஊசியும் சூடும் மட்டும்தான்."

"ஆறரை வருஷம் படிச்சிட்டு இதை நல்ல சகுனம்னு சொன்னீங்களா?"

நான் பதில் தேடுவதற்குள் அக்கா புகுந்துவிட்டார். "பாப்பாவ திட்டாத மேடம். தப்புன்னு ஊர் முன்னால சொல்லிச்சு. எங்க கரையில இது வரிக்கும் ஒருத்தனும் அப்டி சொன்னது கிடியாது."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். "கூட்டிட்டு வந்தாங்க இல்ல, விடுங்க."

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்தோல் இருக்க வேண்டியதைவிடத் தடித்திருந்தது. ஓரிடத்தில் ஏதோ முளை போலவும் தெரிந்தது. துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாளாகும். "இப்போதைக்கு எதையும் எடுக்கப் போறதில்ல. ரிசல்ட்ட பாத்துட்டுப் பேசலாம்" என்று மருத்துவர் அக்காவின் முகத்துக்கு நேராகச் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா, "ஆளு கண்டிப்புதான். ஆனா எம்மூஞ்சியப் பாத்துப் பேசினா" என்றார்.

அந்தப் பத்து நாள்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நாள். மூன்றாம் நாள் மதியம் அக்கா மாடி ஏறி வந்தார்.

"ஊசி வேணாம். படுக்கிறதுக்கு எடமாச்சும் குடு. வூட்ல படுத்தா ஆயிரம் நெனப்பு வருது."

கட்டிலைக் காட்டினேன். ஃபேனைப் போட்டு, திரையை இழுத்துவிட்டேன். ஊசி இல்லை, புகை இல்லை. ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. நாற்பது நிமிடம், அதே கணக்கு.

மேஜையில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கேட்ட கேள்வி திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தது. இத்தனை நாள் அவரைத் தூங்க வைத்தது என் ஊசியா, அல்லது யாரும் கூப்பிடாத, யாருக்கும் எதுவும் அறுத்துக் கொடுக்க வேண்டாத நாற்பது நிமிடமா? தெரியவில்லை. முன்பு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று அது எனக்கு அவ்வளவு மோசமான கேள்வியாகப் படவில்லை. நோட்டில் எழுதினேன்: 'ஊசி இல்லாமல் தூங்கினார்.' அடியில் கோடு போட்டேன். பிறகு தினமும் வந்தார். தினமும் எழுதினேன். ஒருநாள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இந்த முறை 'ம்' என்று சொல்லவில்லை. "தேதி போட்டு எழுதிவை" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

ரிப்போர்ட் வாங்கப் போனபோது மகனையும் கூட்டிக்கொண்டு போனோம். அக்காவே சொல்லியிருந்தார். எப்படிச் சொன்னார் என்று கேட்டதற்கு, "என் பைல ஏதோ மொளச்சிகீது, கூட வான்னேன். வந்துட்டான்" என்றார். அவன் தன் பைக்கில் முன்னால் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மருத்துவர் காகிதத்தைப் படித்து முடிக்கும்வரை அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நாடி பார்ப்பவள் நான். அன்று என் நாடி அவர் விரலுக்கடியில் துள்ளிக்கொண்டிருந்தது.

"புற்றுநோய் இல்ல. பாலிப், சாதாரண சதை முளை. அதைத்தான் உரசி ரத்தம் வந்திருக்கு. கீழ் வழியாவே எடுத்துடலாம், அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். எடுத்ததையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுவோம்."

"பையி?"

"பை அங்கதான் இருக்கும்."

"கூடய தூக்கலாமா?"

"கொஞ்ச நாள் வெயிட் தூக்காம இருங்க. அப்புறம் தாராளமா."

அக்கா எழுந்து நின்றார். மருத்துவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வஞ்சிரம் சாப்டுவியா மேடம்?" என்றார். மேடம் சைவம். அந்த அறையில் அவர் சோகப்பட்டது அது ஒன்றுக்குத்தான். வெளியே வராந்தாவில் மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இன்னாடா, மழ பேயுதா உள்ள?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் முளையை எடுத்தார்கள். இரண்டாவது டெஸ்ட்டும் சுத்தமாக வந்தது. அதற்கடுத்த ஞாயிறு கடற்கரைச் சாலைக்குப் போனேன். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்து விலை சொல்லிக்கொண்டிருக்க, கூடையை மகனும் அரிவாள்மணையைத் தோழியும் பார்த்துக்கொண்டார்கள். ஏன் இன்று நாற்காலி என்று வாடிக்கைக்காரம்மா ஒருவர் கேட்டுவிட்டார். அவ்வளவுதான்.

"எனுக்கு நின்னு பதினாறு மாசம் களிச்சி ரத்தம் பட்ச்சிம்மா. வயசு திரும்பிட்ச்சின்னு ஆடினு இருந்தேன். உள்ள மொள. எடுத்துட்டாங்க. நின்னுபோனது திரும்ப வந்தா கம்முனு குந்திகினு இருக்கக் கூடாது, கேட்டியா? செங்கல்பட்டு போயிடணும். தூக்கம் வரலயா, இதோ இந்தப் பாப்பா மாடிக்கு வா."

ஆண்கள் நிற்கிறார்களே என்று ஒரு எழுத்தைக்கூட அவர் விழுங்கவில்லை. சங்கரா விலையையும் அதையும் ஒரே குரலில் கத்தினார். கூட்டத்தில் இரண்டு பேர் போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பெண்கள் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று கல்லூரி மேடையில் பேசிப் பரிசு வாங்கினவள் நான்.

கூட்டம் குறைந்ததும், மீன் வாங்கி முடித்தும் போகாமல் நின்றிருந்த அடுக்குமாடிப் பெண் ஒருவர் பக்கத்தில் வந்தார். கவரைக் கைமாற்றிக்கொண்டே, "எங்க மாமியாருக்கு ரெண்டு மாசமா அப்படித்தான் லேசா படுதாம். வெளிய சொல்லாதேன்னாங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், சங்கராவைச் சுரண்டிக்கொண்டிருந்த தோழி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"எனக்கும்தான்."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இன்னாடி சொல்ற? எப்பலேர்ந்து?"

"ஆடிலேர்ந்து. நீ கொமரி ஆயிட்டேன்னு ஆடசொல்ல, நமக்கு ஊசி போடாமலே வந்துகீதேன்னு நெனச்சேன்."

அக்கா அவரைத் திட்டின திட்டை எழுத முடியாது. திட்டிக்கொண்டே அவர் கையிலிருந்து கத்தியை வாங்கிக் கீழே வைத்தார், திட்டிக்கொண்டே அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். அடுக்குமாடிப் பெண்ணின் நம்பரை நான் வாங்கிக்கொண்டேன். மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்று அவர் தயங்க, "நான் வந்து பேசறேன், எந்த பிளாக்கு?" என்றார் அக்கா.

ஸ்கூட்டியில் இத்தனை பேர் முடியாது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோ சொல்லியிருக்கிறோம்.